பிரட்டல் என்பது வறுவல் அல்ல

விடியற்காலை நான்கு மணிக்குத் தகரக்கூரையில் மழை இறங்கினால் மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத்து லயங்களில் இரண்டு காரியம் நடக்கும். பெரியவர்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் சிரித்துக்கொள்வார்கள். மழை பெய்தால் பால்மரத்தின் பட்டை நனையும். பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழியும், மரத்தில் கட்டிய மங்கில் சேர்வதிலும் பாதி மழைத்தண்ணீராக இருக்கும். அதனால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியிலும் அடி. ஆனால் அம்மா வீட்டில் இருப்பார். மற்ற நாளில் இருட்டோடு எழுந்து அவசரமாக அடுப்பு மூட்டும் கை அன்றைக்கு நிதானமாக வெங்காயம் உரிக்கும்.

தோட்டப்புறச் சமையலின் உச்சம் இந்த மழைநாள் சமையல்தான். இதை ரசிக்கத் தெரியாதவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். சிரம்பானுக்கு வருகிறவர்கள் சியூ பாவ் வாங்குகிறார்கள், மாட்டிறைச்சி நூடுல்ஸ் தேடுகிறார்கள், போர்ட்டிக்சன் கடற்கரையில் கால் நனைக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் எல்லாம் அவர்களுக்குச் சாலைப் பலகையில் கடந்துபோகும் பெயர்கள். "தோட்டத்துச் சாப்பாடா? ஒரே காரம், ஒரே எண்ணெய்" என்று ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. தோட்டத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளே அப்படிப் பேசும்போது அந்தக் கோபம் இரட்டிப்பாகிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது தமிழ்நாட்டுச் சமையலின் நகல் இல்லை. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் புளியையும் சோம்பையும் அம்மிப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். மலாய்க்காரர் வீட்டுச் செரைப் புல்லும் பண்டான் இலையும் பிளாச்சான் இறால் விழுதும் இங்கே சேர்ந்தன. சீனர் கடைக் கிச்சாப்பும் வந்தது. நெகிரி செம்பிலானுக்கே பெயர் வாங்கித்தந்த சிறு மிளகாய், சிலி பாடி, கொல்லையில் தானாக முளைத்தது. சம்பல் எண்ணெய் கக்க வதங்கும், கீரை பூண்டோடு வேகும், மழைக்கு ரசத்தில் மிளகு கூடும். ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பிரட்டல் வேறு, வறுவல் வேறு.

இந்த வேறுபாடு பிடிபடாதவருக்குத் தோட்டப்புறச் சமையலின் பாதி பிடிபடாது. கோலாலம்பூரின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் இரண்டு பெயர்களும் பட்டியலில் இருக்கும், தட்டில் வருவது ஒன்றாகவே இருக்கும். காலையில் ஒரு பெரிய சட்டியில் மசாலா கிண்டி வைத்து, கேட்கிறவருக்குக் கேட்ட பெயரைச் சொல்லிப் பரிமாறுகிறார்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து "அருமையான வறுவல் பிரட்டல்" என்று எழுதுகிறவர்களை உணவு விமர்சகர் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே அவமானம். வினைச்சொல்லைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். ஒன்று புரட்டுவது, இன்னொன்று வறுப்பது.

குவாலிச் சட்டி அருகே போய்ப் பார்க்கலாம். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு விழும். வெங்காயம் சிவக்கும்போது இஞ்சி பூண்டு விழுதும் கறிவேப்பிலையும், முடிச்சுப் போட்ட ஒரு பண்டான் இலையும் சேரும். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது பச்சை வாடை போய் எண்ணெய் பிரியும் வரை வதங்க வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். பிறகு எலும்போடு சிறிதாக வெட்டிய கோழியையும் கறித்தூளையும் உப்பையும் போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. கால்மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் கோழி தான் விட்ட தண்ணீரிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். வழி இரண்டாகப் பிரிவது அங்கேதான்.

தீயைக் குறைத்து, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் மசாலாவாக இறுகி இறைச்சியில் போர்வைபோல் ஒட்டிக்கொள்ளும். அது பிரட்டல். தீயைக் கூட்டி, ஈரம் முழுக்க வற்றவிட்டு, இறைச்சியின் ஓரம் கருக ஆரம்பிக்கும்போது மிளகுத்தூளும் கிள்ளிய மிளகாயும் இன்னொரு பிடி கறிவேப்பிலையும் தூவிக் கிளறினால் அது வறுவல். சந்தேகம் வந்தால் கரண்டியால் குவாலியின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் குழம்புதான். மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொண்டால் பிரட்டல். மூடாமலே கிடந்தால் வறுவல்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் தோட்டத்து வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே சமைத்து, தூக்குச்சட்டியில் அடைத்து, காட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் சிந்தாமல், பத்து மணி வரை கெடாமல் இருக்கும் பதம் வறுவலுக்கு உண்டு. பிரட்டலுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. இறக்கிய சூட்டில், ஆவி பறக்கும் சோற்றோடு, வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது அது. வேலைநாளின் பதம் ஒன்று, மழைநாளின் பதம் இன்னொன்று. மழைநாளில் வறுவல் வைக்கிறவர் கிடைத்த நேரத்தை வீணாக்குகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இதே கணக்கை மலாய்க்காரப் பக்கத்துவீட்டாரும் போட்டிருக்கிறார்கள். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் பெரும்பாலோரின் வேர் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மண்ணில் இருக்கிறது. மினாங்கபாவ் சமையலில் தேங்காய்ப்பாலில் வேகும் இறைச்சி முதலில் குலாய், கொஞ்சம் வற்றினால் காலியோ, முழுக்க வற்றிக் கறுத்தால் ரெண்டாங். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பல நாள் கெடாமல் எடுத்துப் போகிற உணவாக இருந்தது அந்த ரெண்டாங். பயணத்துக்கு ரெண்டாங், வீட்டுக்குக் காலியோ. தோட்டத்தில் காட்டுக்கு வறுவல், வீட்டுக்குப் பிரட்டல். ஒரே மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து அடுப்புகள் ஒரே முடிவுக்கு வந்திருப்பதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதலாம்.

பதம் தெரியாதவர் தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் பிரிட்டனின் 'மாஸ்டர்செஃப்' நிகழ்ச்சியில், மலேசியாவில் பிறந்த சலேஹா காடிர் ஓல்பின் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார், அவரும் போட்டியிலிருந்து வெளியேறினார். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து கொதித்தன. வேகவைத்து வற்றவைத்த இறைச்சியில் மொறுமொறுப்பைத் தேடியவரை மலேசியர் எல்லோரும் திட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுநாள் கடைக்குப் போய் வறுவலையும் பிரட்டலையும் குழப்பிக் கேட்டிருப்பார்கள்!

பிரட்டல் என்ற சொல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு குழப்பத்தையும் தந்தது. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் சொன்ன 'பரேட்' தமிழ் நாக்கில் புரண்டு பெரட்டு ஆனது. ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண்மணி இதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவருக்கு அப்போது நான்கு வயது. அப்பா தினமும் இருட்டில் எழுந்து "பெரட்டுக்குப் போறேன்" என்பார். எங்கேயோ ஒரு கொட்டகையில் தினமும் கோழிப் பிரட்டல் போடுகிறார்கள், அப்பா தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார் என்றே அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருந்தது. ஒருநாள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே போய்விட்டது. கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, வரிசையின் கடைசியில் தட்டோடு நின்ற பிள்ளையைத் தண்டல் தூக்கிவந்து ஆயாக் கொட்டகையில் விட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் உண்மையாகவே பிரட்டல் வைத்தார்கள்.

மழைக்காலத்தை விட்டு இலையுதிர் காலத்துக்கு வரலாம். அக்டோபர் வந்தால் நகரத்துக் காப்பிக் கடைகளில் பரங்கிக்காய் மசாலா போட்ட காப்பி விற்கிறார்கள். சுவரில் காகித மேப்பிள் இலை தொங்குகிறது. எந்த நாட்டு இலை, எந்த நாட்டுக் குளிர்! இலையுதிர் காலம் இங்கேயே இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், மழை குறைந்த நாட்களில், பால்மரங்கள் இலைகளைச் செம்பழுப்பாக்கி மொத்தமாக உதிர்க்கும். நடந்தால் காடெங்கும் சலசலக்கும். மக்கிய இலையின் நரம்பு மட்டும் சல்லடைபோல் மிஞ்சியதை எடுத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் பால் குறையும், வருமானமும் குறையும். அடுப்பில் கோழி ஏறாது.

அப்போது ஏறுவதை ரசிப்பதற்குத் தனி மனம் வேண்டும். கெலமா கருவாட்டை வெந்நீரில் அலசி, தனியாக எண்ணெயில் பொரித்து, கடைசியில்தான் கத்தரிக்காய்க் குழம்பில் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கரைந்து குழம்பு உப்பாகிவிடும். கொல்லை மரவள்ளியின் கொழுந்தை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் சேர்த்தால் அது மலாய்க்கார வீட்டிலிருந்து கற்றுக்கொண்ட கறி. அவித்த கிழங்குக்கு நெத்திலிச் சம்பல் தொட்டுக்கொள்ளலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் இந்தக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் பலர். அதனாலேயே பிறகு அதைத் தொடாத பாட்டிகளும் தோட்டங்களில் இருந்தார்கள். இதைப் "பழைமையான ஆரோக்கிய உணவு" என்று சிறு தட்டில் வைத்துப் பூத் தூவி விற்பதைவிட மேம்போக்கான காரியம் வேறில்லை.

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கவைக்கிற ஒரு விஷயம். பிரட்டலில் சிறந்த பகுதி கோழி இல்லை, குவாலி. கோழியைக் கிண்ணத்துக்கு மாற்றியபின் குவாலியின் அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் மசாலாவில் இரண்டு அகப்பைச் சுடுசோற்றைப் போட்டு, அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே பிரட்ட வேண்டும். அடிப்பிடித்த துணுக்குகள் சோற்றில் அங்கங்கே சிக்கும். ஒரு பண்டான் நார் வாயில் அகப்படும். விருந்தாளிக்கு இது போவதில்லை, வீட்டு ஆட்களுக்குத்தான். லிங்கிப் பக்கம் ஒரு லயத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இதற்காகவே ரப்பர் விதைகளைப் பால் டின்னில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விதையை வைத்து முஷ்டியால் குத்துவார்கள். யார் விதை உடையாமல் நிற்கிறதோ அவனுக்கே சட்டிச்சோறு. தம்பி தன் விதையை விளக்கெண்ணெயில் ஊறவைத்து மூன்று மழைக்குத் தொடர்ந்து ஜெயித்தான். நான்காவது மழையன்று குத்தும்போது விதை வழுக்கிப் பறந்து நேராக ரசத்தில் விழுந்தது. அண்ணன்மார் இருவரும் சட்டிச்சோற்றைப் பங்கிட்டுக்கொள்ள, அவன் ரசத்தில் விதை தேடிக்கொண்டிருந்தான்.

இன்று செண்டாயானில் பால்மரம் நின்ற நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. நீலாயிலும் அப்படியே. மழை பெய்தாலும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை மழைநாளாக வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பண்ணைக்கோழி தண்ணீரை அதிகம் விடும், பிரட்டலுக்கு ஒத்துவராது. கம்போங் கோழியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்ப தண்ணி ஊத்தணும் பாட்டி?" என்று கேளுங்கள். "தண்ணியா? யார் ஊத்தச் சொன்னது?" என்று அவர் அதட்டினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சோற்றை முன்னதாகவே வடித்து வைத்துக்கொள்ளுங்கள். குவாலி ஆறக் கூடாது.