மணிமேகலையின் மாற்றுரு

மணிமேகலையைச் சமயப் பிரசார நூலென்றும், காவியச் சுவையிற் சிலப்பதிகாரத்துக்கு ஒரு படி தாழ்ந்ததென்றும் கூறி அமைவது நம் திறனாய்வாளரிடையே நெடுங்கால வழக்கமாகிவிட்டது. அவர்கள் விரைந்து கடந்து செல்லும் பகுதிகளுள் ஒன்று சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை. வறண்ட தருக்கப் பட்டியலென ஒதுக்கப்படும் அக்காதையைப் பெண்களின் கல்வியுரிமை பற்றிய சான்றாகவும் வாசித்தல் வேண்டுமென்பது நம் கருத்து.

வஞ்சி நகரில் அளவைவாதி முதற் பூதவாதி ஈறாகப் பலரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். ஆனால் அவள் தன் சொந்த உருவில் அங்குச் செல்லவில்லை. மாதவன் ஒருவனின் வடிவு கொண்டே செல்கிறாள். இதற்கான காரணத்தை மந்திரங்கொடுத்த காதையிலேயே மணிமேகலா தெய்வம் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறது: இளையவள், பெண் என்பதால் எவரும் அவளுக்குச் சமயப்பொருளை உரைக்கமாட்டார். சாத்தனார் இதனைக் கண்டிக்கவில்லை. உலகியல்பாகச் சொல்லிச் செல்கிறார். அதனாலேயே இக்கூற்று சமூகச் சான்றாக மேலும் வலுப்பெறுகிறது. பசிப்பிணி தீர்க்கும் பாத்திரம் ஏந்தியவள், வான்வழி செல்லும் மந்திரம் பெற்றவள். அவளுக்குங்கூட நூற்பொருள் கேட்க ஆணுரு வேண்டியிருந்தது!

பின்னர்க் காஞ்சியில் அறவணவடிகளிடம், தான் கொண்ட அவ்வேற்றுருவைப் போலவே வஞ்சியிற் கேட்ட ஐவகைச் சமயங்களும் செவ்வியன அல்ல என்று கண்டு அவற்றை மனங்கொள்ளவில்லை என அவள் கூறுவது நுணுகி நோக்கற்பாலது. பொய்யுருவில் நின்று கேட்டது அவளுக்குக் கல்வியாகவில்லை. எனினும் காவியத்துக்கும் ஓர் எல்லையுண்டு. அவளுக்கு அறமுரைப்பவர் ஓர் ஆண் துறவியே. பிக்குணிச் சங்கமொன்று முன்னின்று அவளுக்குத் துறவு வழங்கியதாகச் சாத்தனார் யாண்டும் கூறவில்லை.

சமனொளி மலையையுடைய நாடாகச் சாத்தனார் அறிந்திருந்த இலங்கையிலோ நிலைமை வேறு. சங்கமித்தை வருகையோடும் அநுலாவின் துறவோடும் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றிய பிக்குணிச் சங்கம், கி.பி. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் சீனத்துக்குத் தன் பிக்குணிகளை அனுப்பி, அங்குள்ள பெண்கள் முறைப்படி உபசம்பதா பெறத் துணைநின்றது. 11ஆம் நூற்றாண்டளவில் அச்சங்கம் இங்கு மறைந்தது. அதற்குச் சோழப் படையெடுப்பும் ஆட்சியும் ஒரு காரணமென்பதை, சோழர் பெருமையை விதந்தோதும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பரம்பரை அறுந்துவிட்டது, ஆதலாற் பிக்குணிகளுக்கு மீண்டும் உபசம்பதா வழங்கவியலாது என்பர். விநய விதிப்படி இருபாற் சங்கங்களும் கூடியே அதனை வழங்கவேண்டுமென்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயின் பிக்குகளின் பரம்பரையும் அறுந்ததே! முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்தும், 1753இற் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சீயத்திலிருந்தும் பிக்குகளை வரவழைத்து அதனை மீட்டனர். விகாரை நிலங்களும் அவற்றின் சீடவழி உரிமையும் பிக்குகளைச் சார்ந்திருந்த நிலமானிய அமைப்பில், அரசு பிக்குச் சங்கத்தை மீட்க முனைந்ததும் பிக்குணிச் சங்கத்தைக் கைவிட்டதும் தற்செயலானவையென நாம் கொள்வதற்கில்லை.

சீனத்துக்குச் சென்ற மரபு கிழக்காசியாவில் இன்றும் உயிரோடிருக்கிறது. 1996இற் சாரநாத்திற் கொரியப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் சிலர் உபசம்பதா பெற்றனர்; 1998இற் புத்தகயாவிலும் தம்புள்ளையிலும் அது தொடர்ந்தது. மகாயான மரபோடு கலந்ததென்று கூறிப் பிரதான நிக்காயத் தலைமைகள் அதனை ஏற்கவில்லை. அவ்வாறாயின் 5ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து சென்ற பிக்குணிகளை என்னவென்று சொல்வது?

நம்மைப் பொறுத்தவரை உபசம்பதாவினும் கல்வியே கடினமான பிரச்சினை. 1873இல் வித்தியோதயமும் 1875இல் வித்தியாலங்காரமும் பிக்குகளுக்கெனத் தோன்றிப் பின்னர்ப் பல்கலைக்கழகங்களாயின. தசசில் மாதாக்களுக்கென அக்காலத்தில் அத்தகைய பிரிவெனா எழவில்லை. விநய நூல்களைப் பாளியிற் கற்று, தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றலின்றேற் பிக்குணிகளின் உரிமையைப் பிறரே என்றும் தீர்மானிப்பர். அறவணவடிகள் மணிமேகலைக்கு முதலிற் கற்பித்தது நோன்பு முறையையன்று, அளவையை.