ஒரே கிளி, நாலு பிறவி

ஆறு மாதமாக எனக்குக் கிளிப் பித்து. ஒரே கிளி. அம்மாவின் கோலநோட்டில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்டு வைத்திருந்த கிளி. "அதையே எத்தனை தடவை?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அதையேவா! ஒவ்வொரு தடவையும் வேறு கிளியல்லவா வந்து உட்காருகிறது!

முதலில் வாசலில் போட்டேன். 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. மொத்தம் 169 புள்ளிகள், நடுவில் பூ, சுற்றிலும் ஆறு கிளிகள். கை ஓடினால் இழை மெலியும். கொஞ்சம் தயங்கினாலும் மாவு கொட்டித் தடித்துவிடும். ஆறில் ஒன்றுக்கு மட்டும் கழுத்து வீங்கிப்போனது. பால்காரர் மணி அடித்த நேரத்தில் போட்ட கிளி அது.

அடுத்து மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச். எண்ணித் தைப்பதுதானே, புள்ளி வைத்த கைக்கு இதென்ன பெரிய வேலை என்று ஊசியை எடுத்தேன். மூக்கு மாடிப்படி மாதிரி வந்தது. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் மாடிப்படி. அப்புறம்தான் உறைத்தது: இடைப்புள்ளிக் கோலத்தில் கோடுகள் 60 டிகிரி சாய்ந்து ஓடுகின்றன, மேட்டியோ கட்டம் கட்டமாக நெய்த துணி, அதில் பிசிறில்லாமல் சாய்வது 45 டிகிரிதான். நேர்ப்புள்ளிக் கோலமாக இருந்திருந்தால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷம் கோலம் போட்டும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே!

மூன்றாவது லினோ, அதாவது லினோலியத்தைச் செதுக்கி எடுக்கிற அச்சு. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். லினோலியத் துண்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். இளகிக்கொடுக்கும், உளி வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும். கோலத்தில் மாவு விழுந்த இடம் வெள்ளை, லினோவில் தோண்டி எடுத்த இடம் வெள்ளை. அங்கே போட்ட கோட்டை இங்கே பறிக்கிறோம், அவ்வளவுதான். கறுப்பு மையை உருட்டி, காகிதத்தை வைத்து, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தேன். ஐயோ, அந்த நொடி! கறுப்புத் தரையில் வெள்ளைக் கிளி, வாசலில் இருந்தது அப்படியே எழுந்து வந்துவிட்டது. என்ன, வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது இடது பக்கம் திரும்பியிருந்தது. அச்சு கண்ணாடி மாதிரி திருப்பிவிடும் என்பதை மறந்து தொலைத்தேன். திரும்பிய கிளிதான் இன்னும் அழகு என்று இப்போது வீம்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது கலம்காரி. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலில் தொங்கவிடும் துணித் தொம்பைகளுக்குச் செய்கிற வேலை. துணியைக் கடுக்காய்த் தூளும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு இருப்பதால் மை பரவாது. மை என்றால் கடையில் வாங்குவதில்லை. துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தது. நாற்றம் தாங்காமல் பானை மொட்டைமாடிக்கு நாடு கடத்தப்பட்டது. மூங்கில் குச்சியில் துணி சுற்றி, அதை மையில் தோய்த்து, விரலால் லேசாக அழுத்தி அழுத்தி வரைய வேண்டும். போடும்போது வெளிறிய கோடு. கண்ணெதிரே கறுக்கிறது! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற மாயம். என் கை கறுப்பாக்கவில்லை, துணியே கறுத்துக்கொள்கிறது. முதல் கோடு கறுத்ததைப் பார்த்துவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டேன்.

இந்தக் கிளிக்கு இன்னும் நிறம் ஏறவில்லை. பச்சை வேண்டுமென்றால் மஞ்சளுக்கு மேல் அவுரி நீலம் ஏற்ற வேண்டும். அதற்கான துணிச்சல் இன்னும் வரவில்லை.

நாலையும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். வாசல் கோலம் போட்டோவில்தான் இருக்கிறது, வீங்கிய கழுத்தோடு. வருகிறவர்கள் எல்லாரும் லினோவைத்தான் மெச்சுகிறார்கள். என் ஓட்டு கலம்காரிக்கு.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கோலநோட்டு கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தைப் பிரியுங்கள், ஒரே ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணிப் பானையை மட்டும் முதல் நாளே மாடியில் வைத்துவிடுங்கள்.