யூஸ் அண்ட் த்ரோ லென்ஸ்: எதோடு ஒப்பிடுகிறோம்?

அப்பாவின் விழித்திரை ஆபரேஷன் பில்லில் 'டிஸ்போசபிள் லென்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் என்றுதான் நினைத்தேன். இல்லை, ஆபரேஷனின்போது டாக்டர் விழித்திரையைப் பார்ப்பதற்கான லென்ஸ். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் கண்ணுக்கே சுமார் 60 டயாப்டர் சக்தி உண்டு. அதனால் மைக்ரோஸ்கோப்பில் நேராகப் பார்த்தால் பின்சுவரில் உள்ள விழித்திரை தெளிவாகத் தெரியாது. கருவிழிமேல் ஒரு லென்ஸை வைத்தோ, தொடாமல் மேலே நிறுத்தியோதான் பார்க்க முடியும்.

இப்படிப்பட்ட லென்ஸை எப்படி மதிப்பிடுவது? சர்ஜன்களிடம் கொடுத்து தெளிவு, பார்வைப் பரப்பு, கையாளும் வசதி என்று மார்க் போடச் சொல்வது சுலபமான வழி. அது மட்டும் போதும் என்றால் எனக்கு இரண்டு ஆட்சேபணை.

முதலாவது, எதோடு ஒப்பிடுகிறோம்? திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லென்ஸ் ஒவ்வொரு ஸ்டெரிலைசேஷனிலும் கொஞ்சம் தேய்கிறது, கீறல் விழுகிறது. புத்தம் புதிய கண்ணாடி லென்ஸோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் தோற்கலாம். ரொம்ப நாள் உழைத்த லென்ஸோடு ஒப்பிட்டால் ஜெயிக்கலாம். எத்தனை முறை ஸ்டெரிலைஸ் செய்த லென்ஸ் என்ற எண் இல்லாமல் வரும் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது, சராசரி. எங்கள் தொழிலில் 'சராசரியா சீக்கிரம் திறக்குது' என்று யாராவது சொன்னால், 'நூறில் மோசமான ஒண்ணு எப்படி?' என்று கேட்போம். விழித்திரைமேல் சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வை உரிக்கும்போது லென்ஸில் நீராவி படிந்தாலோ, குமிழி நுழைந்தாலோ, லென்ஸ் நழுவினாலோ, அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். ஐந்துக்கு நாலரை என்ற சராசரியில் அது காணாமல் போய்விடும்.

யூஸ் அண்ட் த்ரோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டெரிலைசேஷன் வசதி சரியில்லாத இடத்தில் அது பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் குப்பையும் சேர்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அதன் கார்பன் அளவு பிரிட்டனில் ஆவதில் சுமார் 5 சதவீதம்தான் என்றது. பொருட்களை மறுபடி பயன்படுத்துவதும் அதற்கு ஒரு காரணம். அது கண்புரை, இது விழித்திரை. எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. கேள்வியை வைக்கலாம்.

அப்பா இப்போது பேப்பர் படிக்கிறார். அந்த வரிக்குக் கொடுத்த பணம் சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. லென்ஸின் வயதும், மோசமான நிமிடங்களின் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நானே கணக்குப் போட்டிருப்பேன்.