ரம்பம் போன வழி

அத்தை மகன் பாரிஸில் இருக்கிறார். எங்கள் ஊரில் இது புதுச் செய்தி இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த 'சொல்தா' குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. விடுமுறைக்கு வருகிறவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் அத்தான் கொண்டுவந்தது கைக்கடக்கமான ஒரு பெட்டி. அளவைப் பார்த்துத் தூக்கினால் கனம் ஏமாற்றியது. திறந்ததும் மர வாசனை, அதற்குள் லேசாகக் கருகிய வாசனை. ரம்பத்தின் சூடு பிளைவுட்டில் விட்டுப்போன வாசனை அது என்று பிறகுதான் புரிந்தது.

உள்ளே 250 துண்டுகள். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் கையால் அறுத்திருந்தார்கள்.

அட்டை ஜிக்சா எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நாலு காசுக்கு நாலு நாள் சந்தோஷம். ஆனால் அது அச்சில் அழுத்தி வெட்டுவது. இரண்டு காது, இரண்டு குழி என்று ஒரே சாயலில் வரிசையாக வரும். நம் கண் படத்தை மட்டும் தேடினால் போதும். கையால் அறுத்த மரப் புதிரில் அந்த வழி அடைபட்டுவிடும். அன்று ராத்திரி கூடத்து மேஜையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் சேர்த்தது ஆறு துண்டு.

அலையின் உச்சியில் நுரை விரல் விரலாக மடங்கி நிற்கும் இல்லையா, அறுத்தவர் அந்த விரல்களின் ஓரமாகவே ரம்பத்தை ஓட்டியிருந்தார். வெள்ளை முழுக்க ஒரு துண்டில், நீலம் முழுக்கப் பக்கத்துத் துண்டில். வெள்ளைத் துண்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் நீலத்தின் பொட்டு கூட இல்லை; பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று அது சொல்லாது. இதற்கு மேல், நேர் ஓரம் உள்ள துண்டெல்லாம் சட்டத்தில்தான் சேரும் என்று நம்பி ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் மூன்று, படகுக்காரர்களின் நடுவில் போய் உட்கார்ந்தன. மூன்றாவது நாள் எனக்கு உறைத்தது. நான் ஓவியத்தோடு மல்லுக்கட்டவில்லை. முகம் தெரியாத ஒருவர், நான் எங்கே அவசரப்படுவேன், எதை நம்புவேன் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பேச்சை ஒரு பெரிய நாவலுக்குள் கொண்டுவந்தவர் ஜார்ஜ் பெரெக். அவருடைய 'வாழ்க்கை: பயன்படுத்தும் முறை' 1978இல் பிரெஞ்சில் வந்தது. அதில் பார்ட்டில்பூத் என்ற பணக்காரர் 500 துறைமுகங்களுக்குப் போய் நீர்வண்ண ஓவியம் தீட்டுகிறார். வின்க்லர் என்ற கைவினைஞர் ஒவ்வொன்றையும் 750 துண்டாக அறுத்துக் கொடுக்கிறார். மீதி ஆயுள் முழுக்க பார்ட்டில்பூத் அவற்றைச் சேர்க்கிறார். 439ஆவது புதிரின் முன்னாலேயே உயிர் போகிறது. காலியாக இருக்கும் இடம் எக்ஸ் வடிவம், கையில் இருக்கும் துண்டு டபிள்யூ வடிவம். எத்தனை முறை நினைத்தாலும் அந்த இடம் என்னை உலுக்குகிறது.

புதிர் அறுக்கும் இந்தக் கலை தொடங்கியது பாடம் சொல்லிக்கொடுக்க. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் பூகோளம் கற்றுக்கொண்டார்கள். எங்கள் புதுச்சேரியை அப்படி அறுத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் திணறும் என்று அடிக்கடி நினைப்பேன். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்துக்குள், காரைக்கால் தெற்கே. புதுச்சேரிப் பகுதியே ஒரு துண்டாக இல்லை. பாகூர் பிரிந்து கிடக்கும், நடுவில் தமிழ்நாடு.

பிறகு அமெரிக்காவில் மோகம் பிடித்தது. 1909 வாக்கில் பார்க்கர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையையே மரப் புதிருக்கு ஒதுக்கினார்கள். ரம்பத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பறவை, சாவி, எழுத்து என்று உருவத் துண்டுகளைப் புதிருக்குள் ஒளித்து வைத்தார்கள். 1930களில் நியூயார்க்கில் தொடங்கிய பார் நிறுவனம் ஒவ்வொரு புதிரிலும் ஒரு கடற்குதிரைத் துண்டை வைத்தது; அதுதான் அவர்களுடைய கையெழுத்து. பாரிஸில் 1975இல் தொடங்கிய மிஷேல் வில்சன் பட்டறை இன்றும் ஓவியத்தின் கோட்டைப் பின்பற்றியே கையால் அறுக்கிறது. விலை அதிகம்தான். அறுத்தவரின் நாள் கணக்கை நினைத்தால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

போன போகிக்கு வீடு ஒழித்ததில் என் பேரலையின் வானத்துண்டு ஒன்று காணாமல் போயிற்று. பழைய வீடுகளின் தேக்கு ஜன்னல்களைச் செப்பனிடும் முத்தியால்பேட்டை ஆசாரி ஒருவரிடம் போனேன். சுற்றியுள்ள துண்டுகளை மேஜையில் வைத்ததும் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு துண்டை எடுத்து அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"இந்த ஆளு ரம்பத்தைத் திருப்பல தம்பி. ரம்பம் நின்ன எடத்துல நிக்குது. பலகையத்தான் திருப்பியிருக்கான். வளைவுல எங்கயுமே நிக்கல பாருங்க."

நான் வருஷக்கணக்காகக் கையில் வைத்திருந்த துண்டில், அறுத்தவரின் இரண்டு கைகளும் எப்படி நகர்ந்தன என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ரெண்டு பலகை வீணாயிற்று. மூன்றாவதில் வந்த துண்டு காலி இடத்தில் 'டக்'கென்று இறங்கியது. தங்கை மகள் வானத்தின் வெளிறிய நிறத்தை அதில் பூசிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து துண்டைத் திருப்பினேன். பின்பக்கம் உளி முனையால் சின்னதாக ஒரு கீறல். விரிசலோ என்று பயந்து அடுத்த நாள் போய்க் கேட்டேன்.

"விரிசல் இல்ல தம்பி, என் அடையாளம். அது மட்டும் நான் அறுத்ததுன்னு தெரியணும்ல."