ஒன்றும் கிடைக்கவில்லை

'வீட்டைக் கட்டிப் பார்' என்று பயமுறுத்த இங்கிலாந்தில் பாட்டிகள் தேவையில்லை. யார்க், லிங்கன், கேன்டர்பரி மாதிரி பழைய ஊர்களில் பின்பக்கம் சமையலறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்ட மனு போட்டால், அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வரலாம். வானம் தோண்டும்போது தொல்லியல்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சம்பளம் வீட்டுக்காரர் பாடு. 'வாட்சிங் பிரீஃப்' என்று பெயர். (ஆமாம், வக்கீல்கள் சொல்வார்களே, அதேதான்.)

1989-ல் லண்டனில் ஆபீஸ் கட்டடத்துக்குத் தோண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து 'ரோஸ்' நாடக அரங்கம் தலைகாட்ட, பெரிய நடிகர்களெல்லாம் போராட்டத்துக்கு வந்துவிட்டார்கள். 1990-ல் 'பிபிஜி 16' என்ற அரசு வழிகாட்டி வந்தது. மண்ணைக் கலைக்கிறவன்தான் காசு கொடுக்கணும் என்ற வழக்கம் அதில் நிலைத்தது. வழிகாட்டி 2010-ல் போய்விட்டது. வழக்கம் போகவில்லை.

இப்படி நின்று பார்த்தவர்கள் எழுதிய அறிக்கைகள் யார்க்கில் உள்ள ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலக்கியமாகப் பார்த்தால் மகா வறட்சி. எல்லாம் செயப்பாட்டுவினை. தோண்டப்பட்டது, சுரண்டப்பட்டது, பதியப்பட்டது. மண்ணுக்கு 'நடுத்தரச் சாம்பல் பழுப்பு வண்டல் களி' என்று மூச்சுமுட்டும் அடைமொழி. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர். சிவப்பு-வெள்ளைக் கோல் சாத்திய போட்டோ. மழையில் நின்றது யார், வீட்டுக்காரம்மா டீ கொடுத்தாரா, மூச்! அகப்பட்டது, நீலப்பூ போட்ட பீங்கான் சில்லும் களிமண் புகைக்குழாயின் துண்டும். கடைசி வரி: 'தொல்லியல் முக்கியத்துவம் உள்ள எதுவும் காணப்படவில்லை.'

இதற்கா இத்தனை பவுண்டு என்று வீட்டுக்காரர் கேட்டால் நியாயம்தான். ஆனால் என் சண்டை செலவோடு இல்லை, அந்தக் கடைசி வரியோடு. கடைக்கால் பள்ளம் இரண்டடி அகலம். இன்ஜினீயர் போதும் என்ற ஆழத்தில் நிற்கும். மனிதக் கை படாத கன்னி மண் அதற்கும் கீழே இருந்தால், 'எதுவும் இல்லை' என்பதற்கு 'நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை' என்றுதான் அர்த்தம். யார்க் நகர மையத்தில் ரோமானியர், வைக்கிங் என்று பல மீட்டருக்குக் குவிந்து கிடக்கிறது. ஒரு மீட்டரில் நின்றவர் எதைக் கண்டார்? நல்ல அறிக்கை இதைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறது. எத்தனை சென்டிமீட்டரில் கன்னி மண், எந்த மூலையில் பார்க்க முடியவில்லை, எந்த நாள் ஆள் வருவதற்குள் மெஷின் தோண்டிவிட்டது, எல்லாம் உண்டு. மோசமான அறிக்கை ரோமானியப் படையெடுப்பில் ஆரம்பித்து ஊர் வரலாற்றை ஆறு பக்கம் காப்பியடித்து, பள்ளத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறது.

யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று அலட்சியம் போலும். படிக்கிறார்கள் ஐயா. ரிச்சர்ட் பிராட்லி என்ற பேராசிரியர் இந்த மாதிரி அச்சேறாத அறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்து, பிரிட்டன்-அயர்லாந்தின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றி 2007-ல் புத்தகமே எழுதினார். ரெடிங் பல்கலைக்கழகத்தார் ரோமானியர் கால கிராமங்களைப் பற்றிய பெரிய ஆய்வுக்கு இவற்றைத்தான் சலித்தார்கள். அங்கே ஒரு பள்ளத்தின் பொய்யான 'இல்லை' வரைபடத்தில் பொய்யான வெற்றிடமாகும்.

முதல் பக்கத்தில் 'தொழில்நுட்பமில்லாத சுருக்கம்' என்று ஒன்று இருக்கும், பணம் கொடுத்த வீட்டுக்காரர் படிப்பதற்காக. அதிலும் வண்டல் களி!