மதிலும் மாயக்கதையும்

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில், அரச மாளிகையையும் அல்முதேனா பேராலயத்தையும் கண்டுவிட்டு, வேகா சரிவு எனப்படும் தெருவில் இறங்குவோர் ஒரு பழைய மதிலைக் காண்பர். எஞ்சி நிற்கும் நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். அடியிலே பெரும் பெரும் சக்கிமுக்கிக் கற்கள். அவற்றின்மேல் சுண்ணாம்புக்கல் வரிசைகள். இடையிடையே, மதிலை விட்டுச் சிறிதளவே முன்தள்ளி நிற்கும் சதுரக் கொத்தளங்கள். ஆடம்பரம் ஏதுமில்லை. எதிரே வானுயர நிற்கும் பேராலயத்தின் பொலிவிலே மயங்கியோர், இதனைத் திரும்பியும் பாராமல் போய்விடக்கூடும். ஆயினும், அந்தப் பெருநகரின் பிறப்புச் சான்று பேராலயத்தில் இல்லை. இந்த மதிலில்தான் இருக்கிறது!

மதிலைக் கட்டுவித்தவன் அமீர் முதலாம் முகம்மது. கொர்தோபாவிலிருந்து 852 முதல் 886 வரை ஆண்டவன். வடக்கு மலைக்கணவாய்களைக் கடந்து தொலேதோவை நோக்கி வரும் வழியைக் காக்கவேண்டியிருந்தது. தொலேதோ மக்களோ அடிக்கடி கிளர்ந்தெழுபவர்கள், அவர்கள்மீதும் ஒரு கண் வைக்கவேண்டியிருந்தது. ஆகவே, மன்சனாரஸ் ஆற்றின் மேட்டிலே ஒரு கோட்டை எழுந்தது. மைரித் என்பது அதன் பெயர். ‘மூர்கள்’ என்று ஒரே சொல்லில் கிறித்தவ ஐரோப்பா அடக்கிவிட்ட அம்மக்களுள் அராபியர் உண்டு. வட ஆப்பிரிக்கப் பெர்பர் உண்டு. சமயம் மாறிய உள்நாட்டார் பெருந்தொகையாய் உண்டு.

இதை அறிய அரபு படிக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும். 12ஆம் நூற்றாண்டில், நகர் கிறித்தவ அரசரிடம் சென்றபின், அதனை விரிவாக்கிக் கட்டிய மதிலின் கொத்தளங்கள் அரைவட்ட வடிவின. அமீரின் மதிலுக்கோ சதுரக் கொத்தளங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சிறுவனும் எது யாருடையது என்று பிரித்துச் சொல்வான்.

சிறுவன் சொல்லக்கூடியதைச் சான்றோர் சொன்னார்களா? இல்லை, தோழர்களே! அங்கேதான் நம் திறனாய்வுக்கு வேலை பிறக்கிறது.

1629இல் ஜெரோனிமோ தெ கின்தானா என்ற பாதிரியார், மாட்ரிட்டின் பழமையையும் பெருமையையும் பாடும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நூல் என்பதைவிட, ஒரு தலபுராணம் என்பது பொருந்தும். மாட்ரிட்டைத் தோற்றுவித்தவன் அமீர் அல்லனாம்; ஓக்னோ பியானோர் என்ற பண்டை இளவரசனாம்; குறி சொல்லும் மாந்தோ என்பவளின் மகனாம்; தாயின் பெயரால் ஊருக்கு மாந்துவா என்று பெயரிட்டானாம்; உரோமாபுரிக்கும் மூத்த நகராம் இது! இந்தக் கதையைத் தொடங்கியவர் கின்தானா அல்லர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, செர்வாண்டிசுக்குக் கற்பித்த ஹுவான் லோபெஸ் தெ ஓயோஸ், பழைய நகர்வாயில் ஒன்றில் செதுக்கியிருந்த நாக உருவத்தைக் காட்டி, கிரேக்கரின் தடம் இது என்று எழுதியிருந்தார். அவரும் பள்ளியாசிரியர். என் தொழிலைச் செய்தவர் என்பதால், சற்றுக் கூச்சத்துடனேயே இதனைச் சொல்கிறேன்.

கதையின் சரக்கு எங்கிருந்து வந்தது? ஓக்னோ, உரோமானியக் கவி வெர்ஜிலின் காவியத்தில் வருபவன். அங்கே அவன் தோற்றுவித்தது இத்தாலியிலுள்ள மாந்துவா. தன் பிறப்பிடத்தை அடுத்த ஊருக்குக் கவி சூட்டிய மாலை அது. தாலமியின் நிலநூலிலே, ஸ்பெயினின் நடுப்பகுதியில் கார்ப்பெத்தானியர் நாட்டில், மாந்துவா என்று மற்றோர் ஊர்ப்பெயர் வருகிறது. ஒரு பெயர் இங்கே, ஒரு வீரன் அங்கே! இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். மாட்ரிட்டின் கழுத்தில் கட்டினார்கள். ஊரைச் சுற்றியுள்ள நிலங்களில் உரோமர் காலப் பண்ணைமனைகளின் எச்சங்கள் உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் பண்ணைமனை வேறு, நகரம் வேறு. கிரேக்க இளவரசனின் நகரத்துக்கு ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை.

“கற்பனைதானே? கவிதையை நிறைகோலில் நிறுக்கலாமா?” என்று கேட்போர் உண்டு. நிறுக்கலாகாதுதான். வெர்ஜிலை நாம் வழக்குமன்றத்துக்கு இழுக்கவில்லை. அவர் காவியம் செய்தார். காவியம் என்றே சொல்லித் தந்தார். கின்தானாவோ வரலாறு என்று முகப்பிலே எழுதினார். வரலாறு என்று பெயர் சூட்டிக்கொண்ட நூல், வரலாற்றின் வினாக்களுக்கு விடையிறுத்தாக வேண்டும். சான்று எங்கே என்று கேட்டால், இது இலக்கியம் என்பதும், இலக்கியமா என்று கேட்டால், இது நம் முன்னோர் வரலாறு என்பதும், இரண்டு படகில் கால் வைக்கும் வேலை.

ஏன் பிறந்தது இந்தப் பொய்? காரணம் தெளிவானது. 1561இல் மன்னன் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினான். உலகின் பெரும்பகுதியை ஆண்ட அரசுக்கு, நேற்றுவரை எளிய ஊராக இருந்த இடம் தலைநகரமாயிற்று. தலைநகருக்குத் தகுந்த குலப்பெருமை வேண்டாமா? உரோமர் கட்டியது என்று காட்டச் சான்றில்லை. முஸ்லிம் அமீர் கட்டினான் என்று ஒப்ப மனமில்லை. ஆகவே, கிரேக்கனைத் தத்தெடுத்தார்கள்!

பெருமைக்காகச் சொன்ன பொய் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. காலத்தைக் கவனியுங்கள். 1085ஐ ஒட்டி ஆறாம் அல்போன்சோவின் கைக்கு நகர் மாறியபின்னும், முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர். மொரேரியா, அதாவது மூர்ச்சேரி, என்று அவர்கள் வாழ்ந்த பகுதியின் பெயர் இன்றும் தெருப்பெயராக நிற்கிறது. 1502இல், சமயம் மாறு, இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேறு என்று காஸ்தீலிய அரசு ஆணையிட்டது. மாறினார்கள். மாறியும் விட்டார்களா? ‘மொரிஸ்கோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தூய குருதி உடையோர்க்கே பதவி என்னும் விதி, 1449இல் தொலேதோவில் யூத மரபினரைக் குறிவைத்துத் தொடங்கி, நாட்டிலே பல நிறுவனங்களுக்கும் பரவியிருந்தது. பாட்டன் யார் என்று தோண்டித் துருவினார்கள். முடிவில், 1609 முதல் 1614 வரை, ஏறத்தாழ 3 இலட்சம் மொரிஸ்கோக்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணை உழுதவர்கள், அம்மண்ணுக்கு அந்நியர் என்றாயினர்.

அந்தத் துரத்தல் முடிந்து 15 ஆண்டு கழித்து வெளிவந்தது கின்தானாவின் நூல். ஒன்று மற்றொன்றை விளைத்தது என்று நான் கூறவரவில்லை. ஆனால், மனிதர் குருதியில் மூரின் துளி உண்டா என்று தேடிய அதே காலந்தான், நகரின் பிறப்பிலிருந்தும் மூரை நீக்கிற்று. வீட்டைக் கட்டியவன் மக்களைத் தெருவில் தள்ளிய பிறகு, வீட்டுப் பத்திரத்திலும் பெயரை மாற்றி எழுதுவது வழக்கந்தானே!

இனி, பேராலயத்தின் கதைக்கு வருவோம். 711இல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினில் நுழைந்தன. அதனை அடுத்து, மாட்ரிட் மக்கள் கன்னிமரியின் சிலையை நகர்மதிலுக்குள் மறைத்து, இரு மெழுகுத்திரிகளை ஏற்றிவைத்தார்களாம். 1085 நவம்பர் 9 அன்று மதிலின் ஒரு பகுதி தானே சரிய, சிலை வெளிப்பட்டதாம். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் திரிகள் எரிந்துகொண்டிருந்தனவாம்! திரியின் விந்தையை விடுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்த மாணவன் மற்றொரு கேள்வி கேட்பான்: “ஐயா, அந்த மதிலைக் கட்டுவித்த அமீர் அரியணை ஏறியதே 852இல்தானே? சிலையை மறைத்தவர்கள், இன்னும் 140 ஆண்டு கழித்து எழப்போகும் மதிலுக்குள் எப்படி மறைத்தார்கள்?” முன்பே வேறு மதில் இருந்தது என்பாரானால், அதன் கல் எங்கே? இன்று பேராலயத்தில் உள்ள சிலையோ, 15ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது.

இதனினும் பெரிய நகைச்சுவை, பெயரிலே இருக்கிறது. அல்முதேனா என்பது அரபுச் சொல்; அரண் சூழ்ந்த சிறு நகர் என்று பொருள். அமீரின் கோட்டைக்கு வழங்கிய சொல்லே அன்னையின் பெயராயிற்று! 1883இல் தொடங்கி, 1993இல் போப்பரசர் இரண்டாம் ஜான் பால் புனிதப்படுத்திய பேராலயமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. மறைக்க நினைத்த பெயரை, மணி அடித்து நாள்தோறும் கூவுகின்றனர்.

பொய்த்தந்தையைத் தேடியதால் மாட்ரிட் இழந்தது என்ன? அவ்வூரிற் பிறந்தவன் என்று பெயரிலேயே பொறித்துக்கொண்ட அறிஞன் ஒருவன் உண்டு: மஸ்லமா அல்-மஜ்ரீத்தி, மாட்ரிட்டுக்காரன் மஸ்லமா என்பது பொருள். 1007ஐ ஒட்டிக் கொர்தோபாவில் மறைந்த கணித, வான்நூல் வல்லுநன். இந்தியச் சித்தாந்தக் கணக்குகளைத் தழுவி அல்-குவாரிஸ்மி பாக்தாதில் செய்த வானியல் அட்டவணைகளை, கொர்தோபாவின் நெடுங்கோட்டுக்கு ஏற்பத் திருத்தியமைத்தவன். 12ஆம் நூற்றாண்டில் பாத் நகரத்து அடெலார்டு இலத்தீனாக்கியது இவன் திருத்திய வடிவத்தையே. இந்தியாவில் முளைத்த கணக்கு, பாக்தாதையும் கொர்தோபாவையும் கடந்து இங்கிலாந்து அறிஞன் கைக்குச் சென்றது, மாட்ரிட்டிலே பிறந்தவனின் உழைப்பால்! இத்தகைய மெய்ம்மகன் இருக்க, இல்லாத ஓக்னோவுக்கு ஏன் ஏங்கவேண்டும்?

ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். கிரேக்க இளவரசனை இறக்கிவிட்டு, அந்தப் பீடத்திலே அமீரை ஏற்றிவைப்பதும் அறிவுடைமையாகாது. மதில் அன்பினால் எழுந்ததன்று. படைக்காகவும், கிளர்ச்சியை அடக்கவும் எழுந்தது. சக்கிமுக்கிக் கல்லைப் பெயர்த்தவர், சுமந்தவர், அடுக்கியவர் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பழைய பொய்யைப் போக்கிப் புதிய பொற்காலப் புராணம் பாடினால், பாடியவர் மாறினாரே தவிர, பாட்டு மாறவில்லை.

இன்றைய ஸ்பெயின் ஓரளவு நேர்மையைக் காட்டியிருக்கிறது. 1954இல் மதில் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. அதன் காலடியிலுள்ள பூங்கா, அமீர் முதலாம் முகம்மதின் பெயரைத் தாங்குகிறது. ஓரியந்தே சதுக்கத்தின் அடியே அகழ்ந்தபோது கிடைத்த 11ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரத்தின் அடிப்பகுதியை, வண்டிகள் நிறுத்தும் நிலவறையிலேயே காட்சிக்கு வைத்துள்ளனர். சிலைக்குப் பேராலயம், சான்றுக்கு நிலவறை! ஆயினும், இருப்பதை இருக்கிறது என்று ஒப்பியது நல்ல தொடக்கம்.

நண்பர்களே! எந்த ஊரின் பெருமைநூலைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் யார்? எந்த ஆண்டில் எழுதினார்? யார் மகிழ எழுதினார்? எழுதிய நாளில் அந்த ஊரைவிட்டு யாரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்? இந்த நான்காவது கேள்வியைத்தான் கின்தானாவின் நூலைப் போற்றியோர் கேட்கத் தவறினர். விடை, அவர்கள் அன்றாடம் நடந்த தெருவோரத்திலேயே, சதுரக் கொத்தளங்களோடு நின்றுகொண்டிருந்தது.