வட்டத்தின் பரப்பு: கணக்கதிகார விதியும் அதன் காரணமும்

தமிழில் எழுந்த கணித நூல்களை இலக்கிய ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கணிதமென்று கருதி விலக்குவர். கணித ஆசிரியரோ செய்யுளென்று கருதி விலக்குவர். இருசாராரும் விட்ட நிலையில் அந்நூல்கள் மேடைப் பாராட்டுக்கு மட்டும் பயன்படுகின்றன. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' இதற்குத் தக்க சான்று. அந்நூலில் வட்டத்தின் பரப்பைக் காணும் வழியைக் கூறும் சிறு செய்யுள் ஒன்று உளது. அது கூறுவது யாது, கூறாது விட்டது யாது, பள்ளியில் மாணவர் பயிலும் சூத்திரத்தோடு அஃது எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் நிற்கின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்யுளின் பொருள்

இரண்டே அடிகளாலான அச்செய்யுளின் கருத்து வருமாறு: விட்டத்தில் பாதியை எடுத்துச் சுற்றளவில் பாதியோடு பெருக்கினால் பரப்பு விரைவில் கிட்டும். பரப்பைக் குறிக்கும் சொல்லாக ஆசிரியர் 'குழி' என்பதை ஆள்கின்றார். நிலமளக்கும் கோலால் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரமே குழியாம். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஆகவே, செய்யுள் பேசுவது ஏட்டில் வரைந்த வட்டத்தை அன்று. குளத்தையும் களத்தையும் வயலையுமே என்பது வெளிப்படை.

சுற்றளவு காண்பதற்கு அந்நூல் வேறொரு விதி கூறும். விட்டத்தை ஏழு கூறாக்கி, அவ்வேழனொடு நான்கு கூறு கூட்டி, வந்த பதினொன்றை இரட்டித்தல் வேண்டும். ஏழுக்கு இருபத்திரண்டு என்னும் விகிதம் இதனுள் அடங்கியுள்ளது. 14 கோல் விட்டமுள்ள குளம் ஒன்றைக் கொள்வோம். ஒரு கூறு 2 கோல். பதினொரு கூறு 22 கோல். இரட்டிக்க 44 கோல் சுற்றளவாகும். விட்டத்தின் பாதி 7, சுற்றின் பாதி 22. பெருக்க வருவது 154 குழி. பள்ளி மாணவன் ஆரம் 7 எனக் கொண்டு, அதனை வர்க்கமாக்கி 49 எனப் பெற்று, 22/7 ஆல் பெருக்கினும் அதே 154 வரும். உண்மைப் பரப்பைக் காட்டிலும் இவ்விடை மிகுவது ஏறத்தாழ ஒரு மாகாணிக் குழியே, அதாவது குழியில் பதினாறில் ஒரு பங்கே. நிலமளப்பார்க்கு இப்பிழை பொருட்டன்று.

சொல்லாட்சி

செய்யுளின் சொல்லாட்சி ஆராய்தற்குரியது. விட்டம், வட்டம் என்னும் இரு சொற்களும் முதலெழுத்தின் உயிரொலி ஒன்றே வேறுபட, ஏனைய எழுத்துக்கள் ஒத்து நிற்பன. இவ்வொலியொற்றுமையை எதுகையாக்கி, இரண்டிலும் பாதி கொள்க என்று கூறுவதால் விதி மறவாது மனத்தில் நிற்கின்றது. எதுகை ஈண்டு அணியாக மட்டும் நில்லாமல், பெருக்கப்படும் அளவுகள் இவ்விரண்டுமே என்று கற்பவனுக்கு நினைவூட்டும் கருவியாகவும் நிற்கின்றது.

அன்றியும், இச்செய்யுளில் வட்டம் என்பது சுற்றிவரும் கோட்டையே குறிக்கின்றது. உள்ளடங்கிய நிலம் குழி எனப்படுகின்றது. கோடும் பரப்பும் இவ்வாறு இரு சொற்களால் பிரித்துக் கூறப்பட்டன. 'வட்டத்தின் பரப்பு' என்னும் இக்காலத் தொடரில் வட்டம் என்பது கோட்டைக் குறிக்கின்றதோ அதனுள் அடங்கிய தளத்தைக் குறிக்கின்றதோ என்னும் ஐயம் கற்பவனுக்கு எழுதல் இயல்பே.

இருவகை விதிகள்

பள்ளிச் சூத்திரமும் செய்யுள் விதியும் ஒன்றேயன்றோ, வேறுபாடு யாது என வினவலாம். விடையால் ஒன்றே, காட்டும் நெறியால் வேறு. மாணவன் சுற்றளவுக்கு ஒரு சூத்திரமும் பரப்புக்கு மற்றொரு சூத்திரமும் மனப்பாடம் செய்கின்றான். இரண்டிலும் பை என்னும் குறியீடு வருகின்றது. இரண்டிலும் ஆரம் வருகின்றது. ஒன்றில் இரண்டு என்னும் எண் முன்னே நிற்க, மற்றொன்றில் மேலே நிற்கின்றது. தேர்வில் இவை ஒன்றற்கொன்று மாறிவிடுதலை ஆசிரியர் யாவரும் அறிவர். சுற்றுக்கும் பரப்புக்கும் அவ்வொரே எண் ஏன் வருதல் வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் எழுவதே இல்லை.

காரிநாயனாரின் விதியில் அவ்வெண்ணே இல்லை. சுற்றை அறிந்தவன் பரப்பை அறிவான் என்பதே அவ்விதியின் உள்ளுறை. குளத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்தவனுக்கு 22/7 வேண்டுவதில்லை. இவ்வொரு விதியை உணர்ந்தவன் இரண்டாவது சூத்திரத்தை மனப்பாடம் செய்யவும் வேண்டுவதில்லை. சுற்றளவின் பாதியை ஆரத்தால் பெருக்கினால் அது தானே வந்துவிடும்.

எனினும் பள்ளிச் சூத்திரத்துக்கும் ஒரு சிறப்புண்டு. ஆரம் இரட்டித்தால் பரப்பு நான்மடங்காகும் என்பது அதன் வர்க்கக் குறியிலேயே விளங்கும். செய்யுள் விதியில் அது மறைந்து கிடக்கின்றது. ஆதலின் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் எம் கருத்தன்று.

மிகைப் பாராட்டு

இச்செய்யுளை எடுத்துக்காட்டி, உலகில் இதனை முதற்கண் கண்டவர் தமிழரே என்பாரும் உளர். அக்கூற்றுக்குச் சான்றில்லை. பாதிச் சுற்றைப் பாதி விட்டத்தால் பெருக்குதல் என்னும் இதே விதியை ஆரியபடர் கி.பி. 499-இல் இயற்றிய 'ஆரியபடீயம்' கூறுகின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு, சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் உடைய செங்கோண முக்கோணத்துக்கு வட்டம் சமமாதலை நிறுவினார். விகிதம் 22/7-க்குச் சற்றுக் குறைவென்பதையும் காட்டினார். எனவே, காரிநாயனாரின் பெருமை முந்துதலில் இல்லை. நிலமளப்பார் கைக்கொள்ளத்தக்க வடிவில் இரண்டடியில் அவ்வறிவைத் தமிழாக்கி நிறுத்தியமையே அவர் பெருமையாம்.

பாராட்டுவோர் காணாத குறை ஒன்றும் உண்டு. செய்யுள் விதியைத் தருகின்றது, காரணத்தைத் தரவில்லை. விரைவில் விடை தோன்றும் என உறுதி கூறும் அது, ஏன் தோன்றும் என்பதைச் சொல்லாமலே முடிகின்றது. நினைவில் நிற்றற்கு ஏற்ற வடிவம் செய்யுள். காரணத்தைப் படிப்படியாக விரித்தற்கு ஏற்ற வடிவம் உரைநடை. இதனைக் காரிநாயனார் குறையென்பதினும் செய்யுள் வடிவின் எல்லை என்பதே பொருந்தும்.

அண்டை மொழியில் காரணம்

அக்காரணத்தைக் கூறும் உரைநடை நம் அண்டை மொழியில் உளது. பதினாறாம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய 'யுக்திபாஷை' என்னும் நூல், பெயருக்கேற்ப யுக்தியை, அதாவது காரணத்தை விளக்குவது. இதன் கணிதப் பகுதி 1948-இல் திருச்சூரில் பதிப்பிக்கப்பெற்றது. வட்டத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் நடுவிலிருந்து சுற்றுவரை பல கூறுகளாக அரிந்து, சுற்று நேராகும்படி விரித்தால், கூறுகள் சீப்பின் பற்கள்போல் நிற்கும். ஒரு பாதியின் பற்களை மற்றைப் பாதியின் இடைவெளிகளில் பொருத்தினால் நீள்சதுரம் ஒன்று அமையும். அதன் நீளம் பாதிச் சுற்று. அகலம் பாதி விட்டம். கூறுகள் நுண்ணியவாக ஆக, நீள்சதுரம் செம்மையாகும். தமிழ்ச் செய்யுள் பெருக்கச் சொன்ன இரண்டு பாதிகளும் இந்நீள்சதுரத்தின் இரு பக்கங்களே!

தேங்காய்ப்பட்டணத்துக் கயிறு

இவ்விரு மொழிகளும் கலந்து வழங்கும் நிலம் குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இது திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. பழைய விளவங்கோடு வட்டத்துக் கடற்கரையூராகிய தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் பள்ளியில் மலையாளம் பயின்று தமிழில் நாவல் படைத்தவர். ஒரு மொழியில் கற்று மற்றொரு மொழியில் ஆக்குதல் இக்கரைக்குப் புதிதன்று. ஆதலின் தமிழ் விதியையும் மலையாளக் காரணத்தையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை என்போம்.

அதற்குரிய கருவியும் ஊர்ப்பெயரிலேயே உளது. தென்னையின் தும்புக் கயிற்றை நடுவிலிருந்து தொடங்கி நெருக்கமாகச் சுற்றித் தரையில் தட்டையாகப் படியவைத்தால் வட்டம் அமையும். விளிம்பிலிருந்து நடுவரை நேராக ஒரு வெட்டு வெட்டி, வளையங்களை நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. வெளிவளையம் அடியில் மிக நீண்டு கிடக்கும்; உள்வளையங்கள் வரவரக் குறுகி, உச்சியில் ஒரு துணுக்காக முடியும். இப்போது காண்பது முக்கோணம். அதன் அடி, வட்டத்தின் சுற்று, உயரம், ஆரம். முக்கோணத்தின் பரப்பு அடியில் பாதியை உயரத்தால் பெருக்கியதாதலின், பாதிச் சுற்றும் பாதி விட்டமும் மீண்டும் வந்து நிற்கின்றன. ஆர்க்கிமிடீசின் முக்கோணமும் இதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஆபிரகாம் பார் ஹிய்யாவும் வட்டத்தை இவ்வாறே வளையங்களாக விரித்துக் காட்டினார்.

முடிவு

அறிஞர் சிலர் பழந்தமிழ்க் கணிதத்தைப் பாட நூலில் சேர்க்க வேண்டும் என்பர். சேர்த்தல் நன்றே. ஆனால் செய்யுளைப் பெட்டிச் செய்தியாக அச்சிட்டு, முன்னோர் பெருமை என்று ஒரு வரி எழுதி அமைதல், ஒரு மனப்பாடத்தோடு மற்றொரு மனப்பாடத்தைக் கூட்டுவதேயாகும். முதலில் கயிறு, பின்னர் நீள்சதுரம், அதன்பின் காரிநாயனாரின் இரண்டடி, இறுதியில் சூத்திரம் என்பதே கற்பிக்கும் முறையாதல் வேண்டும். அவ்வாறு கற்றவன் சூத்திரத்தை மறந்தாலும் கயிற்றை மறவான். கயிற்றை நினைந்து சூத்திரத்தைத் தானே ஆக்கிக்கொள்வான்.